கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றவன்

என் மகளை அந்தக் கிளப் முதல் தடவை எடுக்காமல் போனதற்கு என் தொண்டைதான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பிள்ளை நன்றாகத்தான் ஆடினாள்.

உட்காரும். கேட்டில் தொங்கி எட்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? வாட்ச்மேன் ஒரு தடவை உம்மை வெளியே தள்ளினான். இன்னொரு தடவையும் தள்ளுவான். நீர் கத்தினது இங்கே டீ ஆற்றுகிறவனுக்கே கேட்டது. லெஃப்டில் போ, லெஃப்டில் போ. உம் பிள்ளைக்கு லெஃப்ட் தெரியாதா?

எத்தனை வயது? பதினாறா. சரி. டீ சொல்லும். எனக்குச் சீனி வேண்டாம்.

உள்ளே ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். ஸ்கவுட் என்கிறார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் உமக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் மகள் ஆடுகிற கிளப்புக்கு நாலு மணிக்கு இதே மைதானத்தில் மேட்ச். நான் மூன்று மணிக்கே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். இங்கேயிருந்து மைதானம் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இங்கே உட்காருகிறேன்.

எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே. நான் முப்பது வருடம் கரைமடியில் கூவினவன். கரைமடி என்றால் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. வலைக்கு இரண்டு கயிறு. கயிற்றுக்கு இருபது பேர். இரண்டு கூட்டமும் ரொம்பத் தள்ளித் தள்ளி நிற்கும். அலைச் சத்தத்தில் இவன் சொல்வது அவனுக்குக் கேட்காது. நடுவில் ஒருத்தன் நின்று இழு, விடு, நில் என்று கூவ வேண்டும். அந்த ஒருத்தன் நான். நான் கூவினால் நாற்பது பேரும் செய்வார்கள். யாரும் யோசிக்க மாட்டார்கள். யோசித்தால் மீன் போய்விடும்.

அந்தத் தொண்டையைக் கால்பந்துக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவ்வளவு என்று சொன்னால் உமக்குப் புரியாது.

டெல்பின் என் கடைசிப் பிள்ளை. மூன்று பையன்களுக்கு அப்புறம் பிறந்தவள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரிக்கு வெளியே போகவே வெட்கம். அண்ணன்மார் மூன்று பேரும் பந்தடிப்பான்கள். இவள் சின்னவள், ஓட முடியாது, அதனால் கோலில் நிறுத்தினான்கள். எங்கள் பக்கத்தில் கோல்கீப்பரை கோலி என்போம். அண்ணன்மார் அடித்த அடியில் இவள் கோலி ஆகிவிட்டாள். பந்து அவள் கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊர் மைதானம் கடலோரம். கோலுக்கு இரண்டு போஸ்ட் இருக்கிறதல்லவா, ஒன்று கடல் பக்கம், ஒன்று கரைப் பக்கம். எங்கள் ஊரில் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. நான் கோலுக்குப் பின்னால் நிற்பேன். "கடல்" என்பேன், அவள் கடல் பக்கம் பாய்வாள். "கரை" என்பேன், கரைப் பக்கம் பாய்வாள். "வா" என்றால் முன்னால் ஓடுவாள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினாலும் கடல் மாறாது. சுலபமான வேலை. எட்டு வயதிலிருந்து அப்படித்தான் பழக்கினேன். பழக்கினேன் என்றா சொன்னேன்? நான் கூவினேன், அவள் செய்தாள்.

கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக்குகளுக்கும் நான்தான் கூவுவேன். அவர்களும் ஊர்ப் பிள்ளைகள். செய்வார்கள். ஒருத்தியைத் தவிர.

அவள் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர். எங்கள் ஊர் இல்லை. மலைப் பக்கம். அப்பன் ரப்பர் வெட்டுகிறவன். பள்ளிக்கூட டீமில் ஆட ஒரு மணி நேரம் பஸ்ஸில் வருவாள். கட்டையான பிள்ளை. சிரிக்க மாட்டாள். நான் "கடல் பக்கம் போ" என்று கூவினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் பந்து வெளியே போயிருந்த நேரம், எல்லோருக்கும் கேட்க என்னிடம் கேட்டாள்.

"மாமா, இந்த டீமுக்கு கோலி நீங்களா, அவளா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டெல்பினும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம். கேரளாவிலிருந்து ஒரு கிளப் ஆள் எடுக்க வருகிறது என்று ரசல் சார் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் மேட்ச். நான் மூன்று நாள் தூங்கவில்லை. டெல்பினிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். யார் வந்து எது கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கொள்கிறேன்.

நீர் உம் பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்பினீர்? சிரிக்கச் சொன்னீரா. பரவாயில்லை. என்னை விடக் கொஞ்சம் மேல்.

அன்றைக்குக் காலையில் கேரளா நம்பர் போட்ட கார் ஒன்று நின்றது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காரில் சாய்ந்துகொண்டு ஒரு ஆள். பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். நாலு கிலோ நெய்மீன் ஐஸில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் என் மகள் என்றேன். சொன்ன சொல் தட்ட மாட்டாள், பதினாறு வருடத்தில் ஒரு தடவை எதிர்த்துப் பேசினதில்லை என்றேன். அந்த ஆள் "கொள்ளாம், கொள்ளாம்" என்று தலையை ஆட்டினான். மலையாளத்தில் நல்லாயிருக்கு என்று அர்த்தம். எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

கார்னர் கொடிப் பக்கம் ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு நோட்டு. எந்தப் பிள்ளையின் அம்மாவோ என்று நினைத்தேன்.

ஆள் எடுக்க வந்தவள் அவள்தான். நான் மீன் கொடுத்தது டிரைவருக்கு.

சிரியும். நான் அன்றைக்கு இதைத் தெரிந்துகொள்ளவே இல்லை. பாதி ஆட்டத்தில் அந்தப் பெண் டெல்பினிடம் வந்து ஏதோ கேட்டிருக்கிறாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்கிற பிள்ளையல்லவா.

இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று. அதுவரைக்கும் அவள் பிடித்த பந்தெல்லாம் சொல்லி முடியாது. நானும் வா, நில், அடி என்று விடாமல் கூவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு வெளியே எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. அடிக்கிற பிள்ளை எந்தப் பக்கம் அடிப்பாள் என்று அவள் இடுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "கடல்" என்று கூவினேன்.

அந்த மைதானத்தில் கடல் இல்லை.

சுற்றிலும் ரப்பர் மரம். மேலே மூடாக்கு, வெயில் இல்லை. நாங்கள் வந்த ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று நான் மனதில் வைத்திருந்தேன். ரோடு நாலு வளைவு வளைந்து வந்ததை நான் நினைக்கவில்லை. அவள் காற்றைப் பார்த்து வைத்திருந்தாள். கடல் உண்மையில் எங்கே இருந்ததோ அங்கே பாய்ந்தாள். பந்து மற்றப் பக்கம் போனது.

அறுபது வருடம் கடலைப் பார்த்தவன் நான். அன்றைக்குக் கடல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவளை நான் விட்டிருந்தால் பந்தைப் பார்த்துப் பாய்ந்திருப்பாள்.

அதற்கும் அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, நான் தப்பாப் போயிட்டேன்ப்பா என்றாள். நான் அடுத்த பந்துக்குக் கூவத் தொடங்கினேன்.

மூன்று பிள்ளைகளை எடுத்தார்கள். டெல்பின் பெயர் இல்லை. ரசல் சாரிடம் நம்பர் வாங்கி நானே போன் போட்டேன். அப்போதுதான் ஆள் எடுக்க வந்தது ஒரு பெண் என்றே தெரிந்தது. மலையாளம் கலந்த தமிழ். மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க மோளோட கை நல்ல கையாணு. ஆனா தொண்ணூறு நிமிஷம் அவ வாய் திறக்கல்ல. முன்னால நிக்கிற நாலு பேருக்கும் முதுகில கண்ணு இல்லல்லோ. அவங்களுக்குக் கண்ணு கோலிதான். பேசாத கோலியை நான் எங்கே நிறுத்துவேன்?"

அவள் விடவில்லை.

"ஒரு காரியம் கேக்கட்டா. கோலுக்குப் பின்னால ஒரு வயசாளி நின்னு கத்திட்டே இருந்தாரே. யாரு அது?"

"தெரியாதும்மா," என்றேன். "ஊர்ல ஒரு கிறுக்கன். எல்லா மேட்சுக்கும் வருவான்."

"அவரை யாராவது நிறுத்தினா நல்லது," என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பூசைக்குப் போகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போடுகிறேன். சாமியாரிடம் வேறு பாவம் ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

வீட்டில் டெல்பின் வாசலில் நின்றாள். என்னப்பா சொன்னாங்க என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் கையில் குறை இல்லை மக்களே, என் வாயில்தான் குறை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த ஸ்டாப்பர் பிள்ளை கல்லு மாதிரி நின்றதால் கோல் விழுந்தது, அதனால் உன்னை எடுக்கவில்லை என்று சொன்னேன்.

ஏன் அவளைச் சொன்னேன்? கேட்காதீர். அவள் என்னை மாமா கோலி நீங்களா என்று கேட்டவள். நாக்கில் முதலில் வந்தது அவள்தான்.

டெல்பின் நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள். அந்தப் பிள்ளையோடு பேச்சை விட்டாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்ச், ஒரே சோற்றுப் பாத்திரம். எல்லாம் போயிற்று. பிறகு பயிற்சிக்குப் போவது குறைந்தது. ஆவணி மாதம் ஒரு நாள், கிளவுஸை மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு, பிளஸ் டூ முடிந்ததும் நர்ஸிங் போகிறேன் என்றாள். வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். நான் கஞ்சியைக் குடித்தேன்.

புரட்டாசியில் மாவட்ட ஃபைனல். நாகர்கோவிலில். அந்தக் கேரளாப் பெண் மறுபடி வருகிறாள் என்று ரசல் சாருக்குத் தகவல். எங்கள் டீமுக்காக இல்லை. எதிர் டீமில் ஒரு ஃபார்வர்டைப் பார்க்க. ரசல் சார் வீட்டுக்கு வந்து டெல்பினைக் கெஞ்சினார். ஒரே ஒரு மேட்ச் ஆடு என்றார். ஒத்துக்கொண்டாள். போகும்போது என்னிடம், வெயில் ஜாஸ்தியா இருக்கும், நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம் என்றார். முப்பது வருடம் மொட்டை வெயிலில் நின்றவனிடம் வெயிலைப் பற்றிச் சொல்கிறார். எனக்குக் கோபம். அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு உறைக்கவில்லை.

போனேன். கத்தக்கூடாது என்று முடிவு பண்ணித்தான் போனேன். அது உண்மை. பத்து நிமிடம் தாங்கினேன். கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினோராவது நிமிடம் பந்து உயரமாக வந்தது. ஸ்டாப்பருக்கு முன்னால் விழுகிறது. "அடி, வெளியே அடி," என்று கூவிவிட்டேன்.

அந்தப் பிள்ளை நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பந்து அவளைத் தாண்டி உருண்டது. டெல்பின் விழுந்து பிடித்தாள்.

எல்லோரும் அவள் அசந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே மாதிரி ஒரு பந்து. நான் மறுபடி கூவினேன். அவள் மறுபடி நின்றாள். இந்தத் தடவை கோல்.

டீமே அவளைத் திட்டியது. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. ரசல் சார் மாற்று ஆளை எழுப்பி பூட்ஸ் கட்டச் சொன்னார். அந்தப் பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. நேராக கோலுக்கு நடந்து வந்தாள். நான் போஸ்டுக்குப் பின்னால் நிற்கிறேன், ஆறடி தூரம். என்னை ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு டெல்பினிடம் சொன்னாள்.

"நீ எங்கிட்ட பேசாண்டாம். ஆனா கிரவுண்டுல சொல்லு. நீ சொன்னா ஓடுவேன். ஒங்கப்பன் சொன்னா ஓட மாட்டேன். பத்து கோல் விழுந்தாலும் ஓட மாட்டேன்."

"சார் ஒன்ன வெளிய எடுக்கப் போறாரு," என்றாள் டெல்பின். மூன்று மாதத்தில் அவளிடம் பேசின முதல் பேச்சு.

"எடுக்கட்டு. அதுக்குள்ள சொல்லு."

அவ சொல்றதக் கேக்காத மக்களே என்றேன். டெல்பின் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. விசில் அடித்துவிட்டார்கள்.

அடுத்த பந்து உடனே வந்தது. எதிர் டீம் ஃபார்வர்ட், அந்தக் கேரளாப் பெண் பார்க்க வந்தாளே அந்தப் பிள்ளை, காற்று மாதிரி வருகிறாள். ஸ்டாப்பர் நிற்கிறாள். சும்மா நிற்கிறாள். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் டெல்பின் கத்தினாள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "இடது, இடது, போ," என்று கத்தினாள்.

அந்தக் கட்டைப் பிள்ளை எப்படி ஓடினாள் என்கிறீர். ஃபார்வர்டின் காலுக்குள் காலை விட்டுப் பந்தை வெளியே தள்ளினாள். விழுந்து எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இன்னும் கத்து, எனக்கு காதுல மண்ணு என்றாள்.

டெல்பின் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா. ரோட்டுல டீக்கடை இருக்கு. அங்க போய் இருங்க. முடிஞ்சதும் நான் வாறேன்."

சத்தம் போடவில்லை. பதினாறு வருடத்தில் முதல் எதிர்ப்பேச்சு, அதையும் பையத்தான் சொன்னாள். நான் போனேன்.

கடையிலிருந்து மைதானம் தெரியாது. அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் உடைந்து உடைந்து வந்தது. பிறகு உடையவில்லை. பஸ் போகும், லாரி போகும், அதற்கு மேலே அவள் குரல் கேட்கும். ஏறு, பின்னால் பார், என்னுடையது, விடு. கரைமடி இழுக்கலாம் அந்தக் குரலில். டீக்கடைக்காரன், யார் ஓய் இந்தக் கத்து கத்துகிறது என்று கேட்டான். தெரியாது என்று சொல்லவில்லை. என் மகள் என்று சொன்னேன். அன்றைக்கு நான் பண்ணின ஒரே நல்ல காரியம்.

ஃபைனல் தோற்றுவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த ஒரு கோல்தான்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். டெல்பினை எடுத்தாயிற்று, பதினெட்டு ஆகவில்லை, அப்பா கையெழுத்து வேண்டும். நான் வாசலுக்கு வந்து, வாங்கம்மா, உட்காருங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் படியில் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தொண்டையை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

"அந்தக் கிறுக்கன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

"டீக்கடையில உக்காந்திருக்காரும்மா," என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. டெல்பினைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாக் கேள்வியையும் அவளிடமே கேட்டாள். எங்கே தங்குவாய், படிப்பு என்ன செய்வாய், எதற்குப் பயம். டெல்பின் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் காட்டின இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே அந்த டிரைவர் என்னைப் பார்த்து, மீன் கொள்ளாமாயிருந்து சேட்டா என்றான்.

போகும்போது அந்தப் பெண் கேட்டாள். அந்த ஸ்டாப்பர், நல்ல காலு, நல்ல தலை, ஆனா ரெண்டு பந்துக்கு உறங்கி நின்னுபோச்சே, அதுக்கு என்ன என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். டெல்பின் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசலில் என் ஒருத்தனுக்குத்தான் பதில் தெரியும். அவள் உறங்கவில்லையம்மா, என் மகளைப் பேச வைக்க நின்றாள் என்று ஒரு வரி. அதைச் சொன்னால் அந்தக் கோலும் ஃபைனலும் என் தலையில் விழும். அவ்வளவுதானே. விழட்டும் என்று விட்டிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. முப்பது வருடம் கூவின வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அந்தப் பெண் நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டாள். கார் போய்விட்டது.

பிறகு டெல்பினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நான் சொன்ன பொய்யும் சேர்த்து. அந்தப் பிள்ளையும் அவளும் பேசிப் பேசிக் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிளப்பில் போய் அவளுக்காகச் சொல்லிப் பார்த்தாள். இந்த வருடம் பேக்குக்கு ஆள் நிறைந்துவிட்டது என்றார்களாம். அந்தப் பிள்ளை இப்போது காலேஜில் பி.காம் படிக்கிறாள். காலேஜ் டீமில் ஸ்டாப்பர். அடுத்த மாதம் அவள் மேட்சைப் பார்க்க வருகிறேன் என்று கிளப் பெண் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நான் போன் போட்டுச் சொன்னேன், போன வாரம்தான். அந்த ஒரு வரியைச் சொன்னேன். இரண்டு வருடம் பிந்திச் சொன்னேன். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள். ஆமாம் என்றேன். அவளை எடுப்பார்களோ மாட்டார்களோ. எடுக்காவிட்டால் அதுவும் என் கணக்கு.

எங்கே எழுந்திருக்கிறீர்? உட்காரும். உள்ளே யாராவது கேட்டால் உம் பிள்ளை பதில் சொல்லிக்கொள்ளும். தப்பாகச் சொன்னால் தப்பாகச் சொல்லட்டும்.

உம் பிள்ளை கோலியா, பேக்கா? ஃபார்வர்டா. அவளுக்குப் பந்து கொடுக்கிற பிள்ளையின் பெயர் தெரியுமா உமக்கு? தெரியாது. எனக்கும் அந்த ஸ்டாப்பர் பெயர் தெரியாமல்தான் இருந்தது. இரண்டு வருடம் அந்த மைதானத்தில் நின்றேன், எனக்கு அவள் கட்டைப் பிள்ளை, மலைப் பிள்ளை, கல்லு. எங்களை ரசல் சார் சரி பண்ணவில்லை. கேரளாப் பெண் சரி பண்ணவில்லை, அவள்தான் பண்ணினாள். அன்றைக்கு டெல்பின் கத்தினபோதுதான் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் காதில் வாங்கினேன். ரப்பர் வெட்டுகிற சுகுமாரன் மகள், பிந்துஜா.